காலா கிலாவுக்கு அடியில் ஒரு டிராகன்

எண்பதுகளின் பிற்பாதியில், பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் எனக்கு டேட்டா என்ட்ரி வேலை. வயது இருபத்துமூன்று. மாட்டுங்காவிலிருந்து வி.டி. ஸ்டேஷன் வரைக்கும் மின்சார ரயிலின் லேடீஸ் டப்பாவில் போகிற நேரம் முழுக்க நான் வேறு ஏதாவது ஒரு நாட்டில் இருப்பேன். கையில் தலையணை கனத்துக்கு ஒரு இங்கிலீஷ் நாவல். அட்டையில் கண்டிப்பாக ஒரு டிராகன் இருக்கும். இல்லையென்றால் பனிமலை உச்சியில், குளிருக்குக் கொஞ்சமும் பொருந்தாத உடையில், வாளைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண் நிற்பாள்.

அந்த அட்டைகளால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தப் பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். ஒருநாள் பொறுக்காமல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பிரவுன் பேப்பர் அட்டை போட்டுக்கொண்டு போனேன். எதிரில் உட்கார்ந்திருந்த மராத்திப் பெண்மணி, "பரிக்ஷா ஆஹே கா?" என்று இரக்கத்தோடு கேட்டார். பரீட்சை என்று நினைத்துவிட்டார். நானும் தலையாட்டி வைத்தேன். எழுந்து ஜன்னலோர இடத்தையே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து என் டிராகன்கள் எல்லாம் பிரவுன் பேப்பருக்குள்தான் பறந்தன.

புத்தகங்கள் ஸ்டேஷன் பக்கத்து ரத்திக் கடையிலிருந்து வந்தன. பழைய பேப்பரோடு எடைக்கு வந்து விழுந்தவை. யார் படித்து யார் போட்டார்களோ தெரியாது. ஒரு விஷயம் மட்டும் நிச்சயம்: வரிசையாக எதுவும் கிடைக்காது. இந்த மாதிரிக் கதைகள் மூன்று பாகம், ஐந்து பாகம் என்று நீளும். நான் எந்தக் கதையையும் முதல் பாகத்திலிருந்து படித்ததில்லை. மூன்றாம் பாகத்தைத் திறந்தால், எனக்குத் தெரியாத யாரோ செத்துப்போனதற்கு எனக்குத் தெரியாத நான்கு பேர் அழுதுகொண்டிருப்பார்கள். செத்தது யார், ஏன் இத்தனை அழுகை என்று நானே முன்கதை கட்டிக்கொள்ள வேண்டும். சில புத்தகங்களில் கடைசிப் பக்கங்கள் கிழிந்திருக்கும். முடிவையும் நானே பார்த்துக்கொள்வேன். பிற்பாடு எப்போதாவது நிஜமான முதல் பாகம் கையில் கிடைத்தால் ஆவலோடு படித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் என்னுடையதுதான் நன்றாக இருந்தது.

எனக்குக் கறாரான அபிப்பிராயங்கள் உண்டு. முதல் பக்கத்தில் மேப் இல்லாத கதையை நான் நம்புவதில்லை. மேப்பில் போட்டிருக்கும் எல்லா ஊருக்கும் கதாநாயகன் போய்த்தான் தீருவான் என்றால் அதையும் நம்புவதில்லை. யாரும் போகாத ஊர் ஒன்றிரண்டாவது மேப்பில் இருந்தால்தான் அது நாடு. பண்ணையில் மாடு மேய்க்கும் அநாதைப் பையன் கடைசியில் ராஜாவின் வாரிசு என்று தெரியவரும் கதைகளில் எனக்குப் பாதியிலேயே ஆர்வம் போய்விடும். அவனோடு கூடவே மாடு மேய்த்தவன் ஒருவன் இருப்பானே, யாருக்கும் வாரிசு இல்லாதவன், அவன் என்ன ஆனான் என்றுதான் மனசு கேட்கும். வனதேவதைகள் ஆறு பக்கத்துக்குப் பாட ஆரம்பித்தால் அப்படியே புரட்டித் தள்ளிவிடுவேன். ரயில் பைகுலா தாண்டுவதற்குள் யாராவது யாரையாவது வெட்டியாக வேண்டும்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் அம்மா. சாயங்காலம் அவள் பீன்ஸ் நறுக்கும்போது அன்றைக்குப் படித்ததைத் தமிழில் சொல்லுவேன். எங்கள் குடும்பம் பாலக்காட்டுப் பக்கம். மாட்டுங்காவுக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியும் அம்மாவின் பேச்சு மாறவில்லை.

"இந்த ராஜகுமாரனுக்கு நடக்கறதுதான் ஜோலியா? நேத்திக்கும் நடந்தான், இன்னிக்கும் நடக்கறான்."

"மலைக்கு அந்தப் பக்கம் போகணும்மா."

"அந்தக் கெழவன் மந்திரவாதின்னு சொன்னாயே. ஒரு வண்டி வரவழைக்கப்படாதோ?"

எழுதினவருக்கே தோன்றாத கேள்வி. ஆனால் அம்மா கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தால் கதை சரியாகப் போகிறது என்று அர்த்தம். நறுக்கிக்கொண்டே இருந்தால் எங்கேயோ தொய்வு. கதையை எந்த இடத்தில் நீட்டலாம், எந்த இடத்தில் வெட்டலாம் என்பதை நான் அந்த பீன்ஸ் தட்டைப் பார்த்துத்தான் பழகினேன்.

இந்த நிலையில்தான் எங்கள் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வந்து சேர்ந்தார். தாராவிக்காரர். அவருடைய வாப்பா அங்கே தோல் பை செய்யும் பட்டறை வைத்திருந்தார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். படித்ததெல்லாம் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் என்பதால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். வாயைத் திறந்தால் மட்டும் சுத்தமான திருநெல்வேலி. என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவர்.

எங்கள் ஆபீசில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கென்று தனியாக ஏ.சி. போட்ட கண்ணாடி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒருநாள் அந்த அறையில் நான் உட்கார்ந்திருந்தபோது மடியிலிருந்த புத்தகம் சரிந்து விழுந்து, பிரவுன் பேப்பர் கழன்று, அட்டைப் படம் வெளியே வந்துவிட்டது. அவர் குனிந்து எடுத்தார். அட்டையைப் பார்த்ததும் முகமெல்லாம் பிரகாசம்.

"இது டிராகன்லா? நீங்க இதெல்லாம் படிப்பியளா?"

"படிப்பேன்."

"அப்பம் சாப்பாட்டு நேரத்துல இங்கன வாங்க. நான் ஒண்ணு காட்டுதேன்."

அவர் காட்டியது ஒரு ஃபிளாப்பியில் இருந்த விளையாட்டு. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் சொந்தக்காரர் ஒருவர் கொடுத்ததாம். கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகளால் அறைகள், அறைகளை இணைக்கும் சந்துகள். நடுவில் கண் சிமிட்டும் ஒரு சின்னக் குறி. "அதுதான் நீங்க" என்றார். பூமிக்கு அடியில் ஒரு பாதாளக் கோட்டை. அம்புக்குறி பட்டனைத் தட்டித் தட்டி ஒவ்வோர் அறையாக இறங்க வேண்டும். பூதங்கள் எல்லாம் இங்கிலீஷ் எழுத்துகள். 'பி' என்றால் வௌவால், 'எஸ்' என்றால் பாம்பு. 'டி' வந்துவிட்டால் டிராகன், ஓடிவிட வேண்டும். சண்டை போடப் போட வலிமை கூடும். செத்தால் அவ்வளவுதான், மறுபடி முதல் அறையிலிருந்து.

அன்றைக்கு ஒரு வௌவால் கடித்து நான் இரண்டாவது அறையிலேயே செத்துப்போனேன். வெறும் ஓர் எழுத்து. ஆனால் அது சந்தில் திரும்பி என்னை நோக்கி வந்தபோது நான் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன். டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. ரயிலில்தான் தயிர் சாதம் ஞாபகம் வந்தது.

அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு நேரம் பாதாளத்தில் கழிந்தது. ஆபீஸ் விட்டதும் வி.டி. வரைக்கும் சேர்ந்து நடப்போம். நடக்கிற தூரம் முழுக்கச் சண்டைதான்.

"ஒங்க நாவல்ல ஹீரோ சாவ மாட்டான்னு மொதப் பக்கத்துலயே தெரிஞ்சிருதுல்லா? பொறவு என்னத்துக்குப் பயப்படணும்? கேம்ல அப்படி இல்ல. செத்தா செத்ததுதான். அதாக்கும் நாயம்."

"உங்க கேம்ல யாராவது ஒரு வார்த்தை பேசறாளா? பார்த்தா வெட்டணும், இல்லேன்னா ஓடணும். அந்த வௌவாலுக்கு என்மேல என்ன கோவம்னு யாராவது சொன்னாளா?"

"வவ்வாலுக்கு என்ன கோவம் இருக்கப் போவுது?"

"அதைத்தான் நாவல்ல சொல்லுவா."

வி.டி. ஸ்டேஷனில் அவர் ஜென்ட்ஸ் டப்பாவுக்கும் நான் லேடீஸ் டப்பாவுக்கும் பிரிகிற வரைக்கும் இது ஓயாது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். தான் விரும்புகிற ஒன்றைப் பற்றி, அதே அளவு விரும்புகிற இன்னொரு ஆளோடு சண்டை போடுவது எப்பேர்ப்பட்ட சுகம் என்று எனக்கு அதுவரை தெரியாது. மழை பெய்தால் நன்றாக இருக்கும், ரயில் லேட்டாக வரும், இன்னும் கொஞ்சம் பேசலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு.

எங்கள் மேனேஜர் செம்பூர்க்காரர். தமிழர்தான். ஆபீசில் அவருக்கு ஒரே ஒரு பெயர்தான்: லீவு கொடுக்காதவர். யார் எதற்குக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இப்ப வேணாமே" என்பார். மெலிதாகத்தான் சொல்லுவார். அதற்கு அப்பீல் கிடையாது. எங்கள் டைப்பிஸ்ட், தாதரில் இருந்த மராத்தி அம்மாள், வருஷா வருஷம் கணபதி பண்டிகைக்குக் கொங்கணில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போக லீவு கேட்பார். வருஷா வருஷம் கண்ணாடி துடைக்கப்படும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் அறை வாசலில் இரண்டு ஜோடி செருப்பைப் பார்த்துவிட்டு மேனேஜர் உள்ளே வந்தார். நான் அப்போது ஒரு பாம்போடு மும்முரமாக இருந்தேன். அவர் பின்னால் நிற்பது தெரியவில்லை. பாம்பு செத்ததும், "அப்பாடா!" என்று கத்தி நாற்காலியோடு திரும்பினால் எதிரே மேனேஜர்.

"கப்பல் ஓடறதுக்கு வாங்கின மெஷின்ம்மா இது. பாம்பு ஓடறதுக்கு இல்ல."

ஃபிளாப்பி அவர் மேஜை டிராயருக்குள் போனது. நாங்கள் இருவரும் அன்றைக்கு வி.டி. வரைக்கும் பேசாமல் நடந்தோம்.

அந்த ஜூலையில் ஒருநாள் காலையிலிருந்தே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மத்தியானம் பியூன் வந்து, சயான், குர்லா எல்லாம் தண்டவாளம் முங்கிவிட்டது, ரயில் இல்லை என்றார். கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. டைப்ரைட்டர்கள் நின்றன, ஃபேன்கள் நின்றன. ஜன்னலுக்கு வெளியே தெருவே தெரியவில்லை. எல்லோரும் மேனேஜர் மேஜையைச் சுற்றி இருந்த வெளிச்சமான இடத்துக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தோம். வீட்டைப் பற்றிக் கவலைப்பட்டு முடித்தாயிற்று. மாநகராட்சியைத் திட்டியும் முடித்தாயிற்று. அதற்குப் பிறகு யாருக்கும் பேச ஒன்றும் இல்லை.

மேனேஜர்தான் ஆரம்பித்தார். "ஏம்மா, அந்த கேம்ல அப்படி என்னதான் இருக்கு? அன்னிக்கு அப்படிக் கத்தினியே?"

கம்ப்யூட்டர்காரர் முந்திக்கொண்டார்.

"சார், கரண்ட் இருந்தா காட்டிருவோம். ஆனா கரண்ட் வேண்டாத கம்ப்யூட்டர் ஒண்ணு இங்கன இருக்கு." என்னைக் கை காட்டினார். "இவங்க சொல்லட்டும். நாம வெளையாடுவோம்."

என்னால் முடியும் என்று அவர் எப்படி முடிவு செய்தார் என்று தெரியவில்லை. ஆனால் கேட்ட மாத்திரத்தில் எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆனது. முடியும் என்று எனக்கும் தெரிந்தது. அவர் ஓர் ஆறுபட்டைப் பென்சிலை எடுத்து, பட்டைக்கு ஒன்றாக ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் பிளேடால் கீறினார். அதுதான் எங்கள் தாயக்கட்டை.

"யார் யாரா வரேள்?" என்றேன்.

கம்ப்யூட்டர்காரர் வாள்வீரன். டைப்பிஸ்ட் அம்மாளுக்கு மந்திரக்காரி. மூன்றே மூன்று மந்திரம்தான் போடலாம் என்று ஹிந்தியில் விளக்கினேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். 'இப்ப வேணாமே' வரப்போகிறது என்று நினைத்தோம்.

"திருடன் உண்டா?"

"உண்டு சார்."

"இத்தனை வருஷம் யோக்கியமா இருந்தாச்சு. இன்னிக்கு ஒரு நாள் நான் திருடன்."

கணக்குப் பிரிவே கை தட்டியது.

நான் என் நாவல்களில் வரும் மாதிரி பனிமலை, கற்கோட்டை, பாதாளம் என்று தமிழும் ஹிந்தியும் கலந்து ஆரம்பித்தேன். டைப்பிஸ்ட் அம்மாள் கொட்டாவி விட்டார். அம்மா பீன்ஸ் நறுக்குகிற சத்தமே காதில் கேட்டது. பனியை அப்படியே விட்டுவிட்டு, "தாராவியில் காலா கிலா இருக்கு இல்லையா?" என்றேன். மிட்டி ஆற்றங்கரையில் இருக்கும் பழைய சின்னக் கோட்டை. எல்லோருக்கும் பஸ் ஸ்டாப் பெயராகத் தெரியும். கம்ப்யூட்டர்காரருக்குச் சின்ன வயசில் கிரிக்கெட் பந்து போய் விழுந்த இடம். "அதுக்கு அடியில ஒரு சந்து போறது. சயான் தண்டவாளம் வரைக்கும் போறது. தண்டவாளத்துக்குக் கீழே ஒரு டிராகன் சுருண்டு படுத்திருக்கு. அது புரண்டு படுத்ததாலதான் இன்னிக்கு ரயில் இல்லை."

நாற்காலிகள் எல்லாம் ஓரடி முன்னால் நகர்ந்தன.

சந்துக்குள் நுழைந்ததும் குளிர் என்றேன். டைப்பிஸ்ட் அம்மாள் உடனே முதல் மந்திரத்தைச் செலவழித்தார்: எல்லோருக்கும் சூடாக சாய் வர வேண்டும். மூன்றே மந்திரம், அதை டீக்கு வீணாக்குகிறாரே என்று வாள்வீரன் தலையில் கை வைத்துக்கொண்டார். பென்சில் உருண்டது. ஆறு. அதே நிமிஷம் கதவு திறந்தது. பக்கத்துக் கட்டடத்து சாய்வாலா, இடுப்பு வரைக்கும் நனைந்து, தலையில் கோணிப்பையோடும் கையில் கெட்டிலோடும் நின்றார். அன்றைக்கு எங்கள் ஆபீசில் எழுந்த கூச்சல் எதிர்க் கட்டடத்துக்குக் கேட்டிருக்கும். பாவம், அந்த மனிதர் பயந்துவிட்டார். டைப்பிஸ்ட் அம்மாள் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சந்தின் முடிவில் ஒரு காவல் பூதம். வாள்வீரன் பேச்சே இல்லாமல் பாய்ந்தார். பென்சிலை உருட்டினால் ஒன்று. பூதம் அவரை ஒரே அடியில் கொன்றுவிட்டது.

"மந்திரக்காரி உங்களை உயிர்ப்பிக்கலாம்" என்றேன்.

"வேண்டாம். செத்தா செத்ததுதான்" என்று கொள்கைப்படி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் தாங்கவில்லை. மேனேஜர் பூதத்தின் இடுப்பிலிருந்து சாவியை உருவுவதற்காகத் தவழ்ந்துகொண்டிருந்தபோது, "சார், எடது பக்கமாப் போங்க" என்றார்.

"செத்தவா பேசப்படாது" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "பேயா வரலாமா?"

"உங்க கேம்ல பேயா வர முடியுமா?"

"முடியாது."

"இங்கே முடியும்."

"சரி, ஒத்துக்கிடுதேன்" என்றார். அத்தனை மாதத்துச் சண்டையில் அவர் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றுதான். பேயாக வந்து உயிரோடு இருந்தபோது செய்ததைவிட அதிகமாகவே உதவி செய்தார்.

டிராகனின் முன்னால் போய் நின்றபோது, வழியில் இருட்டை விரட்ட இன்னொன்றும் செலவாகி, டைப்பிஸ்ட் அம்மாளிடம் ஒரு மந்திரம்தான் மிச்சம். எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நெருப்பை வரவழை, கண்ணைக் கட்டு, திருடன் பின்னால் போய்க் குத்தட்டும். மேனேஜர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கஸ்டமரிடம் பேசுகிற குரலில் டிராகனைக் கேட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

நான் படித்த எந்த நாவலிலும் எந்த வீரனும் ஒரு டிராகனிடம் இதைக் கேட்டதில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன், ஆழமான குரலில்.

"தூக்கம். முதல் ரயில் ஓடின நாளிலிருந்து நான் தூங்கவில்லை. தலைக்கு மேலே ஓயாத சத்தம். ஒரு மழைக்காலம் முழுக்கத் தூங்க வேண்டும்."

மேனேஜர் நிஜமாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரயிலை நிறுத்த முடியாதுங்க. ஜனங்க வீட்டுக்குப் போகணும். நீங்க ஆத்து வழியா நீந்திக் கடலுக்குள்ள போய்ப் படுத்துக்குங்க. சத்தமே இருக்காது. மழை முடிஞ்சதும் வந்தாப் போதும்." ஒரு கணம் நிறுத்தினார். "லீவு சாங்ஷன்."

நாலுக்கு மேல் விழ வேண்டும் என்றேன். பென்சில் மேஜையில் உருண்டு, பேப்பர்வெயிட்டில் இடித்து நின்றது. ஐந்து.

மேஜைகளைத் தட்டி, ஒருவரையொருவர் முதுகில் அடித்து, என்ன ஆர்ப்பாட்டம்! சத்தம் அடங்கியதும் டைப்பிஸ்ட் அம்மாள் எழுந்து நின்று, பம்பாய் ஹிந்தியில், தெளிவாகக் கேட்டார்: "சாஹேப், டிராகனுக்கு லீவு உண்டு. எனக்குக் கணபதிக்குக் கிடையாதா?"

மேனேஜரின் கை கண்ணாடிக்குப் போனது, பிறகு பாதியில் நின்றது. பென்சிலை அந்த அம்மாள் பக்கம் தள்ளினார். "நீங்களே உருட்டுங்க."

அவர் உருட்டினார். இரண்டு. மேனேஜர் எட்டி, ஒரு விரலால் பென்சிலைப் புரட்டினார். ஒரு பட்டை, இன்னொரு பட்டை, ஆறு மேலே வரும் வரைக்கும்.

"நான் திருடன்தானே" என்றார்.

சாயங்காலம் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டதாகச் செய்தி வந்தபோது யாருக்கும் கிளம்ப மனசில்லை. முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வி.டி. வரைக்கும் கூட்டமாக நடந்தோம். ரயில் சயானில் மெதுவாகப் போனபோது தண்ணீருக்குள் தெரிந்த தண்டவாளம் டிராகன் கிளம்பிப் போன தடம் மாதிரியே இருந்தது என்று மறுநாள் ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் சயானுக்கு முந்தின ஸ்டேஷனான மாட்டுங்காவிலேயே இறங்கிவிட்டதில் எனக்கு வருத்தம்.

மறுநாள் என் மேஜைமேல் ஃபிளாப்பி இருந்தது. மேனேஜர் கடந்து போகும்போது நின்றார். "சாப்பாட்டு நேரத்துல மட்டும். அப்புறம், நேத்தைய ஆட்டத்தை மெஷினுக்குள்ள போட முடியுமா? முடிஞ்சா சனிக்கிழமை அரை நாளுக்கப்புறம் ரூமை எடுத்துக்குங்க."

முடியுமா என்று கம்ப்யூட்டர்காரரைக் கேட்டேன். "முடியாதுன்னு சொன்னா நான் மனுசனா?" என்றார்.

அந்த மழைக்காலமும் அதற்கடுத்த குளிர்காலமும் சனிக்கிழமை மத்தியானங்கள் எங்களுடையவை. புரோகிராம் அவர் எழுதினார். பேச்சு நான் எழுதினேன். மெஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை அடித்தோம். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிற அவருக்கு அது பரம சௌகரியம். நான் சந்தின் ஈரச் சுவரை ஒரு பக்கத்துக்கு வர்ணித்துக்கொண்டு போனால், "திரையில எடம் இல்ல" என்று இரண்டு வரியாக வெட்டிவிடுவார். சண்டை போடுவேன். திருப்பிப் படித்துப் பார்த்தால் இரண்டு வரி போதும் என்று தெரியும். அதை நான் சொல்லமாட்டேன். அவருக்குத் தெரியும். என் வழிக்கும் அவர் வந்தார். எங்கள் ஆட்டத்தில் எந்தப் பூதத்தையும் வெட்டுவதற்கு முன்னால் அதனிடம் பேசிப் பார்க்கலாம். வௌவாலிடம்கூட.

டைப்பிஸ்ட் அம்மாள் கொங்கணிலிருந்து மோதகத்தோடு திரும்பி வந்து, மெஷினில் தன் மந்திரம் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தார். மேனேஜர் சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் போவதுபோலக் கிளம்பி, கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

ஆட்டம் ஓரளவு ஓட ஆரம்பித்ததும் ஒரு சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். இத்தனை நாள் அவளுக்குச் சொன்ன கதையெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவள் பார்க்க வேண்டும் என்று ஆசை. அம்மா கம்ப்யூட்டர் முன்னால், கோயிலில் உட்காருகிற மாதிரி, புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் எழுத்து அவளுக்கு மறக்கவில்லை. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினாள்.

கோட்டைக்கு முன்னால் ஒரு பாலம். பாலத்தில் ஒரு காவல்காரன். அவனுடைய பேச்சை மட்டும் கம்ப்யூட்டர்காரரே எழுதியிருந்தார், தன்னுடைய திருநெல்வேலித் தமிழில். திரையில் வரி வந்தது: "யாரு? எங்க போறிய?"

அம்மா படித்தாள். கொஞ்ச நேரம் காவல்காரனைப் பார்த்தாள், அதாவது 'கே' என்கிற எழுத்தை. பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: "சாப்டாச்சா?"

போ, எடு, வெட்டு, கேள் என்று நாலைந்து வார்த்தைதான் மெஷினுக்குத் தெரியும். பதில் வந்தது: "அது எனக்கு வெளங்கலை."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாள் முழுக்கப் பாலத்துல நின்னுண்டிருக்கான், சாப்டியான்னு கேட்டா வெளங்கலைங்கறான்!" திரும்பிக் கம்ப்யூட்டர்காரரைப் பார்த்தாள். "உங்க ஆளுக்கு மரியாதை போறாது, கேட்டேளா?"

மேனேஜர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். கம்ப்யூட்டர்காரர் சிரிப்பும் வெட்கமுமாக நெளிந்தார். "அடுத்த சனிக்கெழமை வாங்கம்மா. பதில் சொல்லுவான்."

அடுத்த சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே அம்மா புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள். பாலம் வந்தது. காவல்காரன் வந்தான். அம்மா தட்டினாள்: "சாப்டாச்சா?"

"இப்பந்தான் சாப்ட்டேன். நீங்க சாப்ட்டியளா? என்ன கறி?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, ஒரு எழுத்து தப்பாகி, அழித்து, மறுபடி தட்டினாள்: "மொளகூட்டல்."

தேங்காய் அரைத்துவிட்ட எங்கள் பாலக்காட்டுக் கூட்டு அந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்? நான் கவலையோடு பார்த்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அடுத்து என்ன வார்த்தை தட்டினாலும் ஒரே பதில் வருகிற மாதிரி அவர் எழுதி வைத்திருந்தார்.

"ஆகா! மணம் இங்கன வரைக்கும் வருதே!"

அம்மா சத்தமாகச் சிரித்தாள். கண்ணாடி அறை முழுக்க அந்தச் சிரிப்பு. "பாத்தியா, தெரிஞ்சுண்டுட்டான்" என்று திரையைக் காட்டிச் சொன்னாள். கோட்டைக்குள்ளே போம்மா, சந்து இருக்கு, டிராகன் இருக்கு, எல்லாம் நான் எழுதினது என்று கெஞ்சினேன். "இரு, பேசிண்டிருக்கேனோல்லியோ" என்று என் கையைத் தள்ளிவிட்டு, அன்றைக்குக் காலையில் என்ன டிபன் என்பதைத் தட்ட ஆரம்பித்தாள்.